பொழுதா, வாசலா? ஜப்பானிய அன்றாட முகமன்கள் குறித்து

1. சிக்கல்

ஜப்பானில் இரவும் பகலும் திறந்திருக்கும் சிறுகடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றில் இரவுப் பணிக்கு வரும் பகுதிநேர ஊழியர் பத்து மணிக்குப் பின்னறைக்குள் நுழைந்ததும், அங்கே இருப்பவர்களைப் பார்த்து ‘ஒஹயோ கொசாய்மஸ்’ என்று சொல்வதைக் கேட்கலாம். மொழிப் பாடநூலைக் கேட்டால் அதற்குப் பொருள் ‘காலை வணக்கம்’ என்று சொல்லும். இரவு பத்து மணிக்குக் காலை வணக்கம் சொன்னவரை யாரும் திருத்துவதில்லை. அதே சொல்லையே பதிலாகச் சொல்கிறார்கள். தொலைக்காட்சி நிலையங்களிலும் நாடக அரங்குகளின் பின்கட்டிலும் இது நெடுநாள் வழக்கம். அங்கே நடுப்பகலில் வருபவரும் அந்தியில் வருபவரும் அன்று முதன்முதலாக ஒருவரையொருவர் பார்க்கும்போது ‘ஒஹயோ கொசாய்மஸ்’தான்.

இதைத் தொழில்சார் கொச்சை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒதுக்க முடியாத இன்னொன்று இருக்கிறது. பாடநூல்கள் ‘மதிய வணக்கம்’ என்று கற்பிக்கும் ‘கொன்னிச்சிவா’வை ஜப்பானியர்கள் பெற்றோரிடம் சொல்வதில்லை, கணவனோ மனைவியோ ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்து கூடத்துக்கு வரும் மகன் தாயிடம் ‘கொன்னிச்சிவா’ என்றால், அவன் ஏதோ வேடிக்கை செய்கிறான் என்றுதான் தாய் நினைப்பாள். பொழுதைக் குறிக்கும் சொல் என்றால் பொழுது வீட்டுக்குள்ளும் அதேதானே?

எனவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ஜப்பானிய அன்றாட முகமன்கள் எதைக் குறிக்கின்றன? நாளின் பொழுதையா, பேசுபவர் நிற்கும் இடத்தையா? அதையொட்டி, இந்த முகமன்களை ‘ஜப்பானிய உள்ளத்தின் வெளிப்பாடு’ என்று காலங்காலமாகச் சொல்லிவரும் விளக்கத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

முகமன்கள் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி வேர்ச்சொல் விளக்கம். ஒஹயோ என்பது ‘சீக்கிரம்’ என்னும் பொருளுடைய ‘ஹயாய்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கொன்னிச்சிவா என்பது ‘இன்றைய நாளோ...’ என்று தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம். சயோனாரா ‘அப்படியானால்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அரிகாத்தோ ‘இருப்பதற்கு அரியது’ என்ற பழைய பெயரடையின் திரிபு. முகமனுக்கான பொதுச்சொல்லான ‘ஐசாட்சு’ ஜென் பௌத்தத்திலிருந்து வந்தது. குருவும் சீடனும் கேள்வியாலும் பதிலாலும் ஒருவரையொருவர் நெருக்கிச் சோதித்துப் பார்ப்பதை அது குறித்தது. 12ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் தொகுக்கப்பட்ட ‘நீலப்பாறைப் பதிவேடு’ என்னும் நூலில் இந்தச் சொல்லாட்சி வருகிறது.

இவை சுவையான செய்திகள். ஆனால் வேர்ச்சொல் சந்தையில் போலிச் சரக்கும் நிறைய. அரிகாத்தோ என்பது போர்த்துகீசியரின் ‘ஒப்ரிகாடோ’விலிருந்து வந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். போர்த்துகீசியர் தனெகாஷிமா தீவில் கால்வைத்தது 1543இல். அந்தச் சொல்லின் மூலவடிவமோ, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட செய் ஷொனாகோனின் ‘தலையணைப் புத்தகம்’ காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது. இரவில் சொல்லும் ஒஹயோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கபுக்கி நடிகர்கள் தம் முறைக்கு வெகுநேரம் முன்பே அரங்குக்கு வந்து ஆயத்தமாவார்கள்; ‘இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே’ என்ற பாராட்டே முகமனாயிற்று என்பார்கள். இருக்கலாம். ஆனால் கபுக்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறுகடை ஊழியர் அதை ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு இந்தக் கதையில் பதில் இல்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அது இன்று யார் வாயில், யாரை நோக்கி வருகிறது என்பதைத் தீர்மானிக்க முடியாது.

சயோனாராவின் கதை இதற்கு நல்ல சான்று. 1931இல் கணவரோடு விமானத்தில் ஜப்பான் வந்த ஆன் மாரோ லிண்ட்பெர்க், 1935இல் வெளியிட்ட பயணநூலில் இந்தச் சொல்லில் பிரிவை அப்படியே ஏற்கும் துணிவைக் கண்டார். ஜப்பானியச் சிந்தனையாளர்களும் அந்த வாசிப்பை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். தகெயுச்சி செய்இச்சி 2009இல் ஒரு நூலையே இந்தச் சொல்லுக்கு ஒதுக்கினார். ‘லவ் இன் டோக்கியோ’ (1966) படப்பாட்டு வழியே நம்மவர்களுக்கும் தெரிந்த ஜப்பானியச் சொல் இதுதான். ஆனால் டோக்கியோவில் ஒருவர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது மேலாளரிடம் சயோனாரா சொல்வதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவியிடமும் சொல்வதில்லை. அதை அன்றாடம் கேட்க வேண்டுமென்றால் தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று ஆசிரியருக்கும் சக மாணவர்களுக்கும் ஒரே குரலில் சயோனாரா சொல்கிறார்கள். விதியை ஏற்கும் தத்துவத்தை அந்தக் கூச்சலில் தேடுவது வீண்வேலை.

இரண்டாவது வகை விளக்கம் பண்பாட்டு மானிடவியலிலிருந்து வருவது. ரூத் பெனடிக்ட் தமது ‘செவ்வந்தியும் வாளும்’ நூலில் (1946) நன்றிச் சொற்களையும் மன்னிப்புச் சொற்களையும் ‘ஒன்’ எனப்படும் நன்றிக்கடனோடு இணைத்தார். ‘சுமிமசென்’ என்று சொல்பவர், பெற்ற உதவி தீராக் கடனாக நிற்கிறது என்ற மனச்சுமையை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் வாதம். பெனடிக்ட் ஜப்பானுக்குப் போனதே இல்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் எழுதினார். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தனியாக எடுத்து, அதன் பொருளை விரித்து, அதிலிருந்து ஒரு தேசத்தின் மனத்தை வருவிக்கும் முறை அவரிடமிருந்து பலருக்கும் தொற்றியது. தொடர்வண்டியிலிருந்து இறங்க வழி கேட்டும் உணவகத்தில் பரிமாறுபவரை அழைத்தும் ஒரு நாளில் பல முறை சுமிமசென் சொல்பவருக்குத் தீராக் கடன் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அதே 1946இல் ஜப்பானில் யனகித்தா குனியோவின் ‘அன்றாடச் சொற்கள்’ வெளிவந்தது. நாட்டாரியலின் முன்னோடியான யனகித்தா நன்றி, வணக்கம், உணவு தொடர்பான சொற்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டார். ஆனால் ஊருக்கு ஊர் அவை எப்படி மாறுகின்றன என்பதே அவர் கவனமாக இருந்தது. இரு நூல்களில் உலகப்புகழ் பெற்றது பெனடிக்டினுடையது. முகமன்களைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது யனகித்தாவினுடையது என்பது என் கருத்து.

மூன்றாவது வகை, முகமனின் சமூகச் செயலைப் பார்ப்பது. 1923இல் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, செய்தி எதையும் சொல்லாமல் உறவை மட்டும் பேணும் பேச்சைத் தனியே அடையாளம் காட்டினார். 1971இல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன், சந்திப்பு முகமனையும் பிரிவு முகமனையும் ஒருவரையொருவர் அணுகும் வழி திறப்பதையும் மூடுவதையும் குறிக்கும் சடங்குகளாகக் கண்டார். ஜப்பானியச் சான்றுகளை இந்தக் கண்ணோடு பார்க்கும்போதுதான் தொடக்கத்தில் சொன்ன சிக்கல் அவிழத் தொடங்குகிறது.

3. கொன்னிச்சிவாவை யாரிடம் சொல்லக் கூடாது

ஒஹயோவும் கொன்னிச்சிவாவும் ஒரே அடுக்கில் வைக்கத்தக்க சொற்கள் அல்ல. ஒஹயோவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நண்பனிடமும் தம்பியிடமும் ஒஹயோ. ஆசிரியரிடமும் மேலாளரிடமும் ‘கொசாய்மஸ்’ என்ற மரியாதை விகுதியோடு ஒஹயோ. கொன்னிச்சிவாவுக்கும் மாலையில் சொல்லும் கொன்பன்வாவுக்கும் அந்த விகுதி ஒட்டாது. அவற்றை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. காரணம் அவற்றின் இலக்கணத்திலேயே இருக்கிறது: வினைமுற்று வரும் முன்பே வாக்கியம் நின்றுவிடுவதால் மரியாதையை ஏற்ற இடமில்லை. 1986இல் ஜப்பானிய அரசு அறிவித்த எழுத்துக்கூட்டு விதிகள்கூட இதை மறக்கவில்லை. ‘வா’ என்று ஒலித்தாலும், வாக்கியத்தின் பேசுபொருளைக் காட்டும் இடைச்சொல்லுக்குரிய ‘ஹ’ எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று இவ்விரு சொற்களையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. இளைஞர்கள் குறுஞ்செய்தியில் ஒலிப்படியே ‘வா’ எழுதுவதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் தனிக்கதை.

மரியாதையில் ஏறவோ இறங்கவோ முடியாத சொல், நெருக்கமானவரிடமும் பொருந்தாது, மேலானவரிடமும் பொருந்தாது. மிஞ்சுவது நடுத்தூரத்தில் இருப்பவர்கள்: பக்கத்து வீட்டுக்காரர், வாடிக்கையாளர், நண்பனின் தாய், தெருவில் எதிர்ப்படும் பள்ளிப் பிள்ளை. பிற்பகலில் அலுவலக நடையில் எதிரே வரும் துறைத்தலைவரிடம் கொன்னிச்சிவா சொன்னால் அது தவறில்லை. ஆனால் வெளியாள் வந்து சொன்னது போல் ஒலிக்கும். அந்த இடத்தில் ஊழியர் சொல்வது ‘ஒத்ஸுக்கரெசமா தெஸ்’, அதாவது ‘களைத்திருப்பீர்கள்’ என்ற பரிவுச்சொல்.

மலையேறும் பாதையில் கணக்கு மாறிவிடுகிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் தோளோடு தோள் உரசிப்போகும் அந்நியருக்கு யாரும் முகமன் சொல்வதில்லை. அதே மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எதிரே வரும் ஒவ்வொருவரிடமும் கொன்னிச்சிவா சொல்கிறார்கள், காலை ஏழு மணியானாலும்கூட. பாதையில் ஏற்பட்ட மண்சரிவு, மேலே பெய்யும் மழை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வாய் திறக்க வேண்டும்; யாராவது காணாமல்போனால் கடைசியாகப் பார்த்தவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று மலையேறிகள் இதற்குக் காரணம் சொல்வதுண்டு. எப்படியாயினும், மலைப்பாதை ஒரு வட்டம். அதற்குள் இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பானவர்கள்.

இன்னொரு சான்று: ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டாம் முறை பார்க்கும்போது முகமன் திரும்ப வருவதில்லை. காலையில் ஒஹயோ சொன்னவரை நண்பகலில் பார்த்தால் தலையைச் சற்றே தாழ்த்தும் ‘எஷாக்கு’ போதும், அல்லது பாதி விழுங்கிய ஒரு ‘தோமோ’. பொழுதுதான் அளவுகோல் என்றால், காலைக்கு ஒன்று பகலுக்கு ஒன்று என இரண்டு வணக்கங்கள் வந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வட்டத்துக்குள் ஒரே நுழைவு. நுழைந்தபின் மீண்டும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இரவு பத்து மணிப் பணியாளரின் ஒஹயோவும் இப்படியே விளங்குகிறது. அவருடைய பணிநாள் அப்போது தொடங்குகிறது. தவிர, மூத்த ஊழியரிடம் மரியாதை விகுதியோடு சொல்லத்தக்க சந்திப்பு முகமன் ஒஹயோ ஒன்றுதான். கொன்பன்வா அங்கே உதவாது.

4. வீட்டு வாசலும் அலுவலக வாசலும்

வட்டத்தின் எல்லை கண்ணுக்குத் தெரிவது வீட்டு வாசலில். ஜப்பானிய வீட்டில் ‘கென்கான்’ எனப்படும் முகப்பில் செருப்பைக் கழற்றும் தளம் தாழ்ந்திருக்கும். வீட்டுத்தளம் ஒரு படி உயரம். வெளியே போகிறவர் அந்தப் படியில் உட்கார்ந்து காலணி மாட்டியபடி ‘இத்தெக்கிமஸ்’ (போய்விட்டு வருகிறேன்) என்பார். உள்ளே இருப்பவர் ‘இத்தெரஷ்ஷாய்’ (போய்விட்டு வாருங்கள்) என்பார். திரும்பி வந்ததும் காலணியைக் கழற்றும்போதே ‘ததைமா’, உள்ளிருந்து ‘ஒக்காயெரி’. இந்த நான்கும் பொழுதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் அதே சொற்கள். அவற்றின் வரிசையும் மாறாது: வாசலைக் கடப்பவரே முதலில் சொல்ல வேண்டும். தனியாகக் குடியிருப்பவர்களில் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தும் ததைமா சொல்கிறவர்கள் உண்டு. இது பழக்கதோஷமாக இருக்கலாம். உள்ளே ஆள் இருப்பதாக வெளியே காட்டிக்கொள்ளும் தற்காப்பாகவும் இருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது. ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போய்விட்டு வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும் என்று நம் வீடுகளிலும் பிள்ளைகளைத் திருத்துகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற கருதுகோளை 1980களிலிருந்து ஜப்பானிய மொழியியலாளர் ஒனோ சுசுமு தொடர்ந்து முன்வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கருதுகோளை ஏற்கவில்லை. விடைபெறும் சொல்லின் ஒற்றுமையை அதற்குச் சான்றாக்குவது பெரும் பிழை. பிரிவு நிரந்தரமில்லை என்று உறுதி சொல்லும் தேவை எந்தச் சமூகத்துக்கும் எழக்கூடியது. இந்த ஒற்றுமை காட்டுவது வேறொன்றை: இத்தெக்கிமஸ் ஜப்பானியருக்கே உரிய உள்ளுணர்வு என்ற பெருமிதம் நிற்காது.

அலுவலக வாசலில் கிளம்புபவர் ‘ஒசாக்கி நி ஷித்ஸுரெய் ஷிமஸ்’ (உங்களுக்கு முன்பே கிளம்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்) என்கிறார். இருப்பவர்கள் ‘ஒத்ஸுக்கரெசமா தெஷித்தா’ என்கிறார்கள். இதைவிடச் சர்ச்சைக்குரியது அதன் இணைச்சொல்லான ‘கொக்குரோசமா’. இரண்டுமே உழைப்புக்கு ஆறுதல் சொல்பவை. கொக்குரோசமாவை மேலானவரிடம் சொல்லக் கூடாது, அது மேலிருந்து கீழே வரும் சொல் என்று நன்னடத்தைக் கையேடுகள் அடித்துச் சொல்கின்றன. 2005ஆம் ஆண்டுக்கான தேசிய மொழிக் கருத்துக்கணிப்பில் ஜப்பானிய அரசின் பண்பாட்டு முகமை இதைக் கேட்டது. தம்மைவிட உயர்ந்த பதவியில் இருப்பவரோடு வேலை முடித்தபின் ஒத்ஸுக்கரெசமா சொல்வதாக 69.2 விழுக்காட்டினர் பதில் சொன்னார்கள்; கொக்குரோசமா என்றவர்கள் 15.1 விழுக்காடு. கீழ்ப்பதவியில் இருப்பவரிடம் என்று கேட்டபோது ஒத்ஸுக்கரெசமா 53.4, கொக்குரோசமா 36.1.

இந்த எண்களை வழக்கமாக, விதி நன்றாகவே பின்பற்றப்படுகிறது என்பதற்குச் சான்றாகத் தருவார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. கையேட்டு விதியை மீறி மேலானவரிடமும் கொக்குரோசமா சொன்னவர்கள் ஏழில் ஒருவருக்கு மேல். அதைவிட முக்கியம், கீழிருப்பவரிடமும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒத்ஸுக்கரெசமாவையே தேர்ந்தது. மேல் கீழ் என்று பிரித்துக் காட்ட ஒரு கருவி கையில் இருந்தும் பலர் அதை எடுக்கவில்லை. எடோ கால நாடக உரையாடல்களிலும் கதைகளிலும் ‘கொக்குரோ’ கீழிருந்து மேலே செல்வதையும் காணலாம். ஆகவே ‘தொன்றுதொட்ட மரியாதை’ என்று கையேடு காட்டுவது பின்னால் இறுகிய வழக்கம்.

கடை வாசல் இன்னொரு வகை. ‘இரஷ்ஷாய்மசெ’ என்று வரவேற்கும் ஊழியருக்கு வாடிக்கையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பதில் எதிர்பாராத முகமன் இது. கோஃப்மன் சொல்லும் இருவழிச் சடங்குக்குள் இது அடங்காது. சில கடைகள் கொன்னிச்சிவாவையும் சேர்த்துச் சொல்லப் பணியாளரைப் பழக்குகின்றன. கொன்னிச்சிவாவுக்குப் பதில் சொல்ல முடியும் என்பதே காரணம்.

5. தெரிவா, கட்டாயமா?

மொழியியலில் இந்தப் பிரச்சினை ஒரு பெரிய விவாதத்துக்குள் வருகிறது. அதில் தமிழுக்கும் பங்கு உண்டு. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் வகுத்த பணிவுக் கோட்பாடு (1978, நூலாக 1987) மூன்று மொழிகளின் தரவுகளை முதன்மையாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய தமிழ். பேசுபவர் தம் முகத்தையும் கேட்பவரின் முகத்தையும் காத்துக்கொள்ளக் கணக்குப் போட்டுத் தேரும் உத்தியே பணிவு என்பது அவர்கள் வாதம். எல்லா மொழிக்கும் இது பொருந்தும் என்றார்கள்.

எதிர்ப்பு ஜப்பானியத்திலிருந்து வந்தது. மத்ஸுமோத்தோ யொஷிகோ 1988இல், புதிதாக அறிமுகமாகும்போது சொல்லும் ‘யொரோஷிக்கு ஒனெகாய் ஷிமஸ்’ என்ற முகமனை எடுத்துக்காட்டினார். ‘என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முன்பின் தெரியாதவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வேண்டுகோள் அது. பிரவுன்–லெவின்சன் கணக்குப்படி இது கேட்பவர் மீது சுமையேற்றும் செயல். ஜப்பானில் அதுவே பணிவு. அடுத்த ஆண்டு இதெ சச்சிகோ ‘வக்கிமாயெ’ என்ற கருத்தை முன்வைத்தார். இடமும் ஆளும் அறிந்து, அதற்கென விதிக்கப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்துவதே ஜப்பானியப் பணிவு. பேசுபவர் அங்கே தேர்வதில்லை, தம் இடத்தை ஒப்புக்கொள்கிறார் என்றார்.

மூன்றாம் பகுதியில் கண்ட சான்றுகள் இதெவின் பக்கமே சாய்கின்றன. ஒஹயோவில் விகுதி சேர்ப்பதா வேண்டாமா என்பதை எதிரே நிற்பவர் யார் என்பது முடிவு செய்கிறது. ஆனால் வக்கிமாயெயை ஜப்பானியரின் இயல்பாகக் கொண்டால், பெனடிக்டின் இடத்துக்கே திரும்பிவிடுவோம். கருத்துக்கணிப்பில் பாதிப்பேர் கீழிருப்பவரிடமும் ஒத்ஸுக்கரெசமா சொன்னது ஒரு தெரிவு. மலைப்பாதையில் யாரும் விதிக்காமலே உருவான வழக்கமும் ஒரு தெரிவுதான், கூட்டாக எடுத்தது. விதி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விதிக்குக் கட்டுப்படுதலை மட்டும் வருணித்தால் ஆய்வு பாதியில் நிற்கிறது.

6. ஒரே ஜப்பானா?

விதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வட்டாரவழக்குகள் பதில் தருகின்றன. வடக்கே அவொமோரியின் த்ஸுகாரு பகுதியைப் பற்றி ஜப்பானில் எல்லோரும் சொல்லும் உரையாடல் ஒன்று உண்டு. பனி கொட்டும் தெருவில் இருவர் எதிர்ப்படுகிறார்கள். ஒருவர் ‘தோ ச?’ என்கிறார்: எங்கே? மற்றவர் ‘யூ ச’ என்கிறார்: வெந்நீர்க் குளியலுக்கு. முடிந்தது. குளிரில் வாய் திறக்கச் சோம்பல் என்று இதை நகைச்சுவையாக்குவார்கள். மொழியியலாளர்கள் கொபயாஷி தகஷியும் சவமுரா மியுக்கியும் தமது நூலில் (2014) இதைவிடத் தீவிரமான ஒன்றைக் காட்டுகிறார்கள். வடகிழக்கு ஜப்பானில் பல இடங்களில் காலையில் குடும்பத்தாருக்குள் ஒஹயோ போன்ற வார்ப்புச் சொல் சொல்லும் வழக்கமே வலுவாக இல்லை, ‘எழுந்தாயா?’ என்று நிலைமைக்கேற்ப எதையாவது கேட்டுக்கொள்வார்கள். வார்ப்பு முகமன்கள் செழித்தது ஒசாக்கா, கியோத்தோ வட்டாரத்திலும் பின்னர் டோக்கியோவிலும். மக்கள் நெருக்கமும் வணிகமும் போக்குவரத்தும் மிகுந்த இடங்களில்தான் முன்பின் தெரியாதவரோடு நாள்தோறும் பேச வேண்டிய தேவை எழுந்தது. அந்தத் தேவைதான் ஆயத்தச் சொற்களை உருவாக்கியது என்பது அவர்கள் விளக்கம்.

இது ஏற்கத்தக்க விளக்கம். ‘மாய்தோ’ (எப்போதும் போல) என்று வாடிக்கையாளரை வரவேற்கும் ஒசாக்கா வணிகச் சொல்லும், ‘லாபம் வருகிறதா?’ ‘ஏதோ போகிறது’ என்று ஒசாக்காக்காரர்களைக் கேலி செய்யும் சொல்லாடலும் இதோடு பொருந்துகின்றன. ஆனால் வணிகம் மட்டும் நாட்டையே ஒரே வாய்ப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. அதைச் செய்தது பள்ளி. மெய்ஜி காலத்திலிருந்து தரமொழியைக் கற்பித்த பள்ளிகள் முகமன்களையும் சேர்த்தே கற்பித்தன. 1941இல் கல்வி அமைச்சகம் வெளியிட்ட ‘நன்னெறிக் குறிப்புகள்’ வணங்கும் முறை, பேசும் முறை, உண்ணும் முறை என எல்லாவற்றையும் வகுத்துக் கொடுத்தது. போர்க்கால அரசு அப்படி வகுத்தவற்றில் சில, இன்று ‘பழம்பெரும் மரபு’ என்ற பெயரில் உலவுகின்றன.

இந்த ஒருமைக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. ஒக்கினாவாவில் ஆண்கள் ‘ஹாய்சாய்’ என்றும் பெண்கள் ‘ஹாய்தாய்’ என்றும் முகமன் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அங்கே பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ‘வட்டாரவழக்கு அட்டை’ தொங்கவிடப்பட்டது. அடுத்துப் பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அதை மாற்றிவிடும்வரை சுமக்க வேண்டும். 2009இல் யுனெஸ்கோ அழிவுநிலையில் இருப்பதாகக் குறித்த ஜப்பானின் எட்டு மொழிகளில் ஒக்கினாவா மொழியும் வடக்கின் பழங்குடி மக்களின் மொழியான ஐனுவும் அடக்கம். ‘இரன்கரப்தெ’ என்ற ஐனு முகமனை ஹொக்கைதோவின் விருந்தோம்பல் சொல்லாக்கும் இயக்கம் 2013இல் தொடங்கியது. வீட்டில் பேச ஆளில்லாத மொழியின் முகமன் விமான நிலையத்தில் ஒலிப்பது ஆறுதலா அவமதிப்பா என்பதை ஐனு மக்கள்தான் சொல்ல வேண்டும்.

7. முகமனுக்குத் தடை

பள்ளி ஊட்டிய முகமன் ஒழுங்கு இன்றும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. காலையில் பள்ளி வாயிலில் ஆசிரியரும் மாணவரும் வரிசையாக நின்று வருவோர்க்கெல்லாம் உரத்து ஒஹயோ சொல்லும் ‘ஐசாட்சு இயக்கம்’ பரவலாக நடக்கிறது. 2010இல் ஏசி ஜப்பான் என்னும் பொதுநல விளம்பர அமைப்பு, முகமன்களையும் விலங்குகளையும் ஒட்டி உருவங்கள் படைத்தது. கொன்னிச்சிவாவின் ஈற்றில் நாயின் குரைப்பு சேர்ந்து ‘கொன்னிச்சிவான்’ நாய், கொன்பன்வாவோடு முதலை, சயோனாராவோடு சிங்கம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப்பின் நிறுவனங்கள் தம் விளம்பரங்களை விலக்கிக்கொண்டபோது, காலியான நேரத்தையெல்லாம் இந்தக் காட்சி நிரப்பியது. ஆழிப்பேரலைச் செய்திகளுக்கிடையே இடைவிடாமல் முகமன் சொல்லிக்கொண்டிருந்த அந்த விலங்குகளை அப்போது தொலைக்காட்சி பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு 2016 நவம்பரில் ‘கோபே ஷிம்புன்’ மாலைப் பதிப்பின் வாசகர் கடிதமாக வந்தது. எழுதியவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு உறுப்பினர். குடியிருப்போர் பொதுக்கூட்டத்தில் ஒரு பெற்றோர், தெரியாதவர் முகமன் சொன்னால் ஓடிவிடு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், யார் இங்கே குடியிருப்பவர் என்று பிள்ளைக்குத் தெரியாது, ஆகவே குடியிருப்புக்குள் முகமன் சொல்வதை நிறுத்திவிடலாம் என்றார். முதியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்: சொல்லிப் பதில் வராவிட்டால் மனம் புண்படுகிறது, இல்லாமலே இருக்கலாம் என்று. முகமனுக்குத் தடை என்று தீர்மானம் நிறைவேறியது. கடிதம் நாடெங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பண்பாடு சரிந்துவிட்டது என்ற புலம்பலே அதில் உரக்கக் கேட்டது.

புலம்பலைவிட அந்தத் தீர்மானத்தின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. ஒரே தூக்கியில் ஏறி இறங்குபவர்கள் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களா இல்லையா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இல்லாதபோது கொன்னிச்சிவா சொல்வது ஒரு கோரிக்கையாகிவிடுகிறது: என்னை உள்ளே சேர்த்துக்கொள். பதில் சொல்லாத பிள்ளை அதை மறுக்கிறது. முகமன் பொழுதைச் சொல்லும் வெறும் மரியாதையாக இருந்திருந்தால் அதைத் தடைசெய்ய யாரும் கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

நம் மொழி வகுப்புகளுக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. திறன்பெற்ற தொழிலாளர்களுக்கென ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய குடியேற்ற வகையில் அங்கே போகும் இளைஞர்களுக்குத் தமிழில் கைநூல்களும் வருகின்றன. அவற்றின் முதல் பாடத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்துப்போகும் பெண், முதியோர் இல்லப் பணியில் பிற்பகல் முறைக்கு வந்து மூத்த செவிலியரிடம் கொன்னிச்சிவா சொல்லித் தன்னைத் தானே வெளியாளாக்கிக்கொள்வாள். பாடநூல் எழுதுவோர் அந்த மூன்று வரியை எடுத்துவிட்டு, யார், யாரிடம், எந்த வாசலில், அன்று எத்தனையாவது முறை என்ற நான்கு கேள்விகளோடு முகமன் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டும்.